பினாங்கில் ஒரு பழைய எம்ஜிபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான என் எம்ஜிபியைத் தஞ்சோங் தோக்கோங்கில் பெட்ரோல் ஊற்ற நிறுத்தினாலே யாராவது ஒருவர் பக்கத்தில் வந்துவிடுவார். கல்யாண மண்டப வாசல், ரொட்டி சானாய் கடை, தண்ணீர்மலைக் கோயில் அடிவாரம் என்று 26 வருடங்களாக இதே கதைதான். போன வருடம் இரண்டு தம்பிகள் இதே வகைக் காரை வாங்கப்போவதாகச் சொல்லி, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்காக எழுத ஆரம்பித்து, மற்றவர்கள் கேட்டதையும் சேர்த்துக்கொண்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணே, இது என்ன காடி? எந்த வருஷத்தோடது?

எம்ஜிபி ஜிடி. 1970-இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்தது. எம்ஜிபி முதலில் 1962-இல் கூரையை மடக்கிவிடும் திறந்த காராக வந்தது. 1965-இல் இத்தாலியின் பினின்ஃபரினா வடிவமைத்த இரும்புக் கூரையையும் பின்பக்கம் மேலே தூக்கும் கதவையும் வைத்து ஜிடி என்று ஒரு வகை வந்தது. 1980-இல் நிறுத்தும்வரை இரண்டும் சேர்ந்து 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அந்த எண்ணிக்கையை மறக்க வேண்டாம்; உதிரிப்பாகம் பற்றிப் பேசும்போது அதுதான் கைகொடுக்கும்.

எஞ்சின் 1,798 சிசி, நான்கு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலக்க இரண்டு எஸ்யூ கார்ப்பரேட்டர், புதிதில் சுமார் 95 குதிரைத்திறன். இன்று இங்கே ஓடும் 1.5 லிட்டர் மைவி என்ற சின்னக் காரே அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால் வேகத்துக்காக இதை வாங்க வேண்டாம். தெலுக் பஹாங்கிலிருந்து பாலேக் பூலாவுக்கு டுரியான் தோட்டங்களுக்கு நடுவே போகும் மலைச்சாலையில் இரண்டாவது, மூன்றாவது கியரில் வளைந்து வளைந்து போய்ப் பாருங்கள். தார் சாலையின் ஒவ்வொரு மேடும் ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வந்து சேரும். இதை வாங்க எனக்கு அது ஒன்றே காரணமாக இருந்தது.

டெய்லி ஓட்டணுமா, இல்ல ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்தா போதுமா?

வாரம் ஒரு முறையாவது எடுக்க வேண்டும். எடுத்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி அணைப்பது, ஸ்டார்ட் பண்ணாமல் விடுவதைவிடக் கெடுதல். எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிட்டால் உள்ளே உருவான ஈரம் ஆவியாகி வெளியேறாது. அது எண்ணெயில் கலக்கும், எக்ஸாஸ்ட் குழாயில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும்.

நின்றே கெட்ட கார்களை ஓடித் தேய்ந்த கார்களைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். பிரேக் சிலிண்டர் ரப்பர் ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் தட்டு துருவேறி ஃபிளைவீலோடு பிடித்துக்கொள்ளும். தொட்டியில் பெட்ரோல் கெட்டுப் பிசினாகும். எங்கள் ஊர்க் காற்றில் இதெல்லாம் ஆறே மாதத்தில் நடக்கும். ஓட்ட நேரமில்லை என்றால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

வாங்கறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்? எஞ்சின் நல்லா ஓடினா போதும்தானே?

போதாது. எஞ்சின் கெட்டால் பிரித்துச் சரிசெய்யலாம். செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லவும் முடியும். உடல் துருப்பிடித்திருந்தால் எவ்வளவு போகும் என்று வெட்டிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. இந்தக் காருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் பெட்டி போன்ற பகுதி, அதாவது சில், அதுதான் காரின் முதுகெலும்பு. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. வெளித்தகடு புதிதாகப் பளபளவென்று இருக்கும். நடுத்தகடு ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும்.

என் கதை அதுதான். 1999-இல் வாங்கியபோது புதுச் சாயம் அடித்து அழகாக இருந்தது. நான்காம் மாதம் இடது கதவு மூட மறுத்தது. ஜாக்கி போட்டுத் தூக்கினால் கதவு இடைவெளி கண்ணெதிரே சுருங்கியது. எனக்கு முந்தைய சொந்தக்காரர் நம்பிக்கொடுத்த ஒரு பட்டறை, அரித்த சில்லை வெட்டாமல் உள்ளே புட்டி அடைத்து மேலே சாயம் அடித்திருந்தது. இரண்டு பக்கமும் வெட்டி ஒட்ட ஐந்து மாதம் ஆனது. அதனால் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சில், முன் மட்கார்டின் மேல்பகுதி, பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள கீழ்மூலை, பின் இருக்கைக்கு அடியில் பேட்டரி பெட்டி ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே இரும்பு இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜாக்கி போடச் சொல்லி, அப்புறம் மூடிப் பாருங்கள்.

கெரானில், அதாவது காரின் பதிவுச் சான்றில், உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றும்போது பூஸ்பாகோம் என்ற வாகனப் பரிசோதனை நிலையத்தின் பரிசோதனையில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். சிலர் பழைய நம்பர் பிளேட்டின் மயக்கத்தில் காரை வாங்கிவிடுகிறார்கள். பினாங்கின் ‘பி’ எழுத்தோடு குறைந்த எண் கிடைப்பது சந்தோஷம்தான், ஆனால் அதைத் தனியாக விலை பேசுங்கள்.

என் வீடு பத்து ஃபெரிங்கியில, கடல் பக்கம். துரு பிடிக்காம எப்படிக் காப்பாத்தறது?

முதலில் அந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துவிடுங்கள். கார் போர்ச்சில் கூரைக்கு அடியில் நிற்கும் காருக்கு மேலும் ஒரு உறை போட்டுக் கட்டுவது இங்கே எல்லாரும் செய்யும் தப்பு. இரவில் ஏறும் ஈரம் பகல் வெயிலில் ஆவியாகி வெளியே போக வழியில்லாமல் காரிலேயே படியும். தூசிக்காகப் போட வேண்டுமென்றால் மெல்லிய பருத்தித் துணி போதும். காற்றோட்டம்தான் முக்கியம். நான் மழைக்காலத்தில் ஒரு சாதாரண மேசை விசிறியைக் காருக்கு அடியில் ஓடவிடுவேன்.

இரண்டாவது, உள்ளறைகளுக்கான மெழுகு. சில், கதவின் உட்பக்கம், பின் பெட்டிகள் எல்லாவற்றிலும் நீண்ட குழாய் வழியாகத் திரவ மெழுகைப் பீய்ச்ச வேண்டும். நான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை செய்கிறேன். கதவின் அடியிலும் சில்லின் அடியிலும் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் உண்டு. காரின் அடியில் அண்டர்கோட் பூச்சு அடிக்கும் பையன்கள் அவற்றையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். ஒரு ஈர்க்குச்சியை வைத்துத் திறந்துவிடுங்கள். கடற்கரைச் சாலையில் ஓடிவிட்டு வந்தால் அன்றே அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள். அவ்வளவுதான்.

ஜாம்ல நின்னா சூடாகிடும்னு சொல்றாங்களே, நம்ம ஊர் வெயிலுக்கு இது தாங்குமா?

நன்றாக இருக்கும் எம்ஜிபி தாங்கும். சூடாகும் எம்ஜிபியில் ஏதோ ஒன்று சரியில்லை என்று அர்த்தம். என் கார் தைப்பூசத்தன்று காலையில் தண்ணீர்மலைப் பக்கம் மாட்டிக்கொண்டு, ஜாலான் உத்தாமாவில் ஒன்றரை மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகர்ந்திருக்கிறது. வெப்பமானி முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய் அங்கேயே நின்றது. அந்த நிலைக்கு வர மூன்று வருடம் பிடித்தது, அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எஞ்சின் பிளாக்கைக் கழுவ வேண்டும். எல்லாரும் ரேடியேட்டரைத்தான் மாற்றுவார்கள். பிளாக்கின் பின்பக்கம் அடியில் ஒரு வடிகால் திருகு உண்டு; அதைத் திறந்தால் எனக்குத் தண்ணீரே வரவில்லை. கம்பி விட்டுக் குத்திய பிறகு சேறு மாதிரி துரு கொட்டியது. நான்காவது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீரே ஓடாமல் இருந்திருக்கிறது. அப்புறம் ரேடியேட்டருக்குப் புதிய உட்பகுதி வைத்தேன். அப்புறம் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பார்த்தேன். தாமதமாக இருந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் வெப்பம் ஏறும். கடைசியில்தான் எலெக்ட்ரிக் விசிறி.

எஞ்சின் சூடானபின் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லும் ஃபோர்மன்கள், அதாவது மெக்கானிக்குகள், நிறைய. வேண்டாம். மழையில் ஓடும்போது எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, சிலிண்டர் தேயும். வழக்கமானது 82 டிகிரி, வெப்ப நாடுகளுக்கு 74 டிகிரியில் திறப்பதும் உண்டு. நான் 74 போட்டிருக்கிறேன். குளிர்விப்பு நீரில் கூலண்ட் கட்டாயம் கலக்க வேண்டும். இங்கே பனி உறையாது என்றாலும் துரு தடுக்க அது வேண்டும். ஆனால் பாதிக்குப் பாதி தேவையில்லை. வெறும் தண்ணீர்தான் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், நான் கால் பங்கு கலக்கிறேன்.

இன்னொன்று. சிக்னலில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே நிற்காதீர்கள். இதன் கிளட்ச் ரிலீஸ் பேரிங் உருளை வைத்தது அல்ல, கார்பன் வளையம். மிதிக்க மிதிக்கத் தேயும். அதை மாற்ற எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து வெளியே வர வேண்டும். நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள்.

என்ன எண்ணெய் ஊத்தறீங்க? விலை அதிகமான ஃபுல்லி சிந்தெடிக் இன்னும் நல்லதில்லையா?

20டபிள்யூ-50 மினரல் எண்ணெய். இந்த எஞ்சினின் இடைவெளிகள் அந்தக் கெட்டித்தன்மைக்கே செய்யப்பட்டவை. இன்றைய மெல்லிய எண்ணெய் ஊற்றினால் சூடானபின் அழுத்தம் விழும், எல்லா மூட்டிலும் கசியும். இன்னொரு காரணம் துத்தநாகம். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டும் டாப்பெட்டும் நேராக உரசும் அமைப்பு இது. எண்ணெயில் துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு இருக்க வேண்டும். இன்றைய எண்ணெய்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய கார்களுக்கென்று விற்கும் எண்ணெயைத் தேடி வாங்குங்கள். 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுகிறேன்.

கியர்பாக்ஸுக்கு கியர் எண்ணெய்தானே ஊத்தணும்?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எம்ஜிபி கியர்பாக்ஸுக்கும் அதே எஞ்சின் எண்ணெய்தான், 20டபிள்யூ-50. என் காரில் லேகாக் ஓவர்டிரைவ் உண்டு; அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவைக்கும் கூடுதல் கியர் மாதிரி. அதுவும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஓவர்டிரைவ் உள்ளே கூம்பு வடிவக் கிளட்ச் பிடித்து நிற்க வேண்டும். கியர் எண்ணெயில் உள்ள சேர்க்கைப்பொருட்கள் அதை வழுக்கவிட்டுவிடும். நான் வெளியூர் போயிருந்தபோது ஒரு இடத்தில் அன்போடு கியர் எண்ணெயை மாற்றிக்கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் ஓவர்டிரைவ் பிடிக்கவில்லை. கழுவிக் கழுவிப் பழையபடி கொண்டுவர நான்கு முறை எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. பின் ஆக்சிலுக்குத்தான் கியர் எண்ணெய்.

ஓவர்டிரைவ் இருக்கும் காராகப் பார்த்து வாங்குங்கள் என்பேன். பினாங்குப் பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் எஞ்சின் சுமார் 2,800 சுற்று சுற்றும். சுவிட்சைத் தட்டினால் சுமார் 2,300-க்கு இறங்கிவிடும். பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியும்.

ரோன்95 போதுமா, 97 போடணுமா?

ரோன் என்பது பெட்ரோலின் ஆக்டேன் அளவு. என் எஞ்சினின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுந்தும் விகிதம், 8.8-க்கு 1. அதற்கு ரோன்97 ஊற்றுகிறேன். 95 ஊற்றினால் ஓடாமல் போகாது, ஆனால் மேட்டில் அழுத்தும்போது எஞ்சினில் டொக் டொக் என்று தட்டும் சத்தம் கேட்டால் டைமிங்கைக் கொஞ்சம் பின்தள்ள வேண்டியிருக்கும். அப்படிப் பின்தள்ளினால் சூடு கூடும் என்று மேலே சொன்னேன்.

பெரிய விஷயம் ஈயம். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது. எக்ஸாஸ்ட் வால்வ் உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் காப்பாற்றியது. அடுத்த முறை சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும்போது கெட்டியான வால்வ் இருக்கைகளைப் பதித்துவிடுங்கள். அதற்காக மட்டும் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

லூக்கஸ் வயரிங்னாலே தொல்லைனு எல்லாரும் சொல்றாங்களே?

லூக்கஸ் என்ற மின்சாரப் பாக நிறுவனத்தின் பெயரில், ஐம்பது வருடத்துக்கு முன் போட்ட செம்புக் கம்பிமேல் பழி போடுகிறோம். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு மின்சாரக் கோளாறு எர்த் இணைப்பில்தான். கம்பி காரின் உடலைத் தொடும் இடத்தில் துரு, சாயம், அழுக்கு. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எல்லா எர்த் திருகுகளையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினேன். மங்கலாக இருந்த விளக்கு, இஷ்டத்துக்கு ஆடிய பெட்ரோல் முள், மெதுவாகப் போன வைப்பர் மூன்றும் அன்றே சரியாயின.

அப்புறம் ஹெட்லைட். இந்தக் காரில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது, மொத்த மின்சாரமும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போகிறது. ரிலேயும் ஃபியூஸும் சேர்த்துவிட்டால் வெளிச்சமும் கூடும், சுவிட்சும் பிழைக்கும். 1967 கடைசிக்கு முந்தைய மாடல் வாங்கினால் பாசிட்டிவ் எர்த் என்பதை நினைவில் வையுங்கள். தெரியாமல் இன்றைய ரேடியோவை மாட்டினால் ரேடியோ எரிந்துவிடும்.

பாயின்ட்டை எடுத்துட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டா நல்லதா?

நல்லது. நானும் போட்டிருக்கிறேன். தீப்பொறிக்காக மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயின்ட்டும் அதோடு வரும் கண்டென்சரும் இப்போது பழைய தரத்தில் விற்பதில்லை. வாங்கி மாட்டி இரண்டு வாரத்தில் போன கண்டென்சர் என்னிடம் மூன்று இருக்கிறது. ஆனால் எலெக்ட்ரானிக் யூனிட் செத்தால் எச்சரிக்கை இல்லாமல் சாகும், சாலையோரத்தில் சரிசெய்ய முடியாது. அதனால் பழைய பாயின்ட், நல்ல கண்டென்சர், இடைவெளி அளக்கும் 0.015 அங்குல ஃபீலர் கேஜ் மூன்றையும் கையுறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒரு முறை சுங்கைப் பட்டாணி அருகே அதுதான் வீடு கொண்டுவந்து சேர்த்தது.

ஏர்கோன் போட முடியுமா சார்? அது இல்லாம எப்படி உட்காரறீங்க?

போட முடியும், பலர் போட்டிருக்கிறார்கள். ஆனால் கம்ப்ரஸரை மட்டும் மாட்டினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஏர்கோனின் கண்டென்சர் (இக்னிஷனில் சொன்னது வேறு; இது வெப்பத்தை வெளியே விடும் பாகம்) ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றை மறைக்கும், அதனால் முதலில் மேலே சொன்ன குளிர்விப்பு வேலைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அசல் ஆல்டர்னேட்டர் 34 ஆம்பியர். விசிறி, ஹெட்லைட், ஏர்கோன் ஊதுவான் எல்லாம் சேர்ந்தால் தாங்காது, பெரியதாக மாற்ற வேண்டும். ஜிடியின் பின் கண்ணாடி பெரியது, வெயில் நேராக உள்ளே இறங்கும். கூரைக்கும் தரைக்கும் வெப்பத் தடுப்புத் தாள் ஒட்டாமல் ஏர்கோன் போடுவது வீண்.

நான் அந்தத் தாளை மட்டும் ஒட்டி, ஏர்கோனை விட்டுவிட்டேன். கியர்பாக்ஸ் மேட்டுக்கு மேல் ஒட்டியதுதான் பெரிய வித்தியாசம் காட்டியது; அதற்கு முன் இடது கால் வெந்துபோகும். காலை ஏழு மணிக்குக் கிளம்பி பத்துக்குள் திரும்பிவிட்டால் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டலாம்.

பார்ட்ஸ் எங்க கிடைக்குது? ஏதாவது ஒடஞ்சா மாசக்கணக்கா நிக்குமா?

ஐம்பது வயதுக் கார்களில் இதற்குக் கிடைப்பதுபோல வேறெதற்கும் பாகம் கிடைப்பது அபூர்வம். 5 லட்சம் கார் செய்ததன் பலன் இது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ், பழைய அச்சுகளைத் தேடி எடுத்து, 1988-இலிருந்து முழு உடலையே புதிதாகச் செய்து விற்கிறது. சின்ன ரப்பர் வளையம்வரை இணையத்தில் கிடைக்கும். 500 ரிங்கிட்டுக்குக் குறைந்த வெளிநாட்டு இணையக் கொள்முதலுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 சதவீத விற்பனை வரி உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் தரத்தில்தான். மலிவான ரோட்டர் ஆர்ம், மலிவான ரப்பர் குழாய், மலிவான தண்ணீர் பம்ப் ஆகியவற்றை வாங்காதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடவும் கூடாது. புதியதைவிடப் பழையதைச் செப்பனிடுவது மேல் என்று பல முறை ஆகியிருக்கிறது. இன்னொரு விஷயம், இதன் போல்ட்டுகள் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16 ஸ்பானர் சொந்தமாக வாங்கிக் காரிலேயே வைத்திருங்கள். மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் தலையை உருட்டிவிடுவது பட்டறைகளில் தினமும் நடக்கிறது.

பிரேக் இவ்வளவு கனமா இருக்கே, நிக்குமா? மாத்தணுமா?

நிற்கும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இந்த எடைக்குப் போதும். என் காரில் காலின் அழுத்தத்தைக் கூட்டித்தரும் சர்வோ இல்லை, அதனால்தான் கனம். காலை அழுத்த அழுத்தப் பிடிக்கும், அந்தப் பழக்கம் வர இரண்டு வாரம் ஆகும். முக்கியம் பிரேக் திரவம். டாட் 4 திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இந்தத் தீவின் காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஈரம் ஏறிய திரவம் மலை இறங்கும்போது கொதித்தால் பெடல் தரைவரை போய்விடும். நான் வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுகிறேன். தயவுசெய்து இதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

சஸ்பென்ஷனும் அப்படித்தான்: முதலில் உள்ளதைச் சரியாக்குங்கள். முன்பக்க லீவர் ஷாக் அப்சார்பரின் கையே சக்கரத்தை மேலே பிடித்து நிற்கும் விஷ்போனும்கூட, அதைக் கழற்றி எறிந்துவிட முடியாது. எண்ணெய் குறைந்தால் நிரப்பலாம், தேய்ந்தால் செப்பனிட்டது வாங்கலாம். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு ஒவ்வொரு பக்கமும் கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கிரீஸ் அடியுங்கள்.

டயர் கிடைக்குதா?

அசல் அளவு 165 ஆர்14, இங்கே தேட வேண்டியிருக்கும். 185/70 ஆர்14 கிட்டத்தட்ட அதே உயரம், அதைப் போடலாம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், பின் இரண்டு இலக்கம் எந்த வருடம். பட்டன் தேயவே இல்லை என்று 12 வருட டயரில் ஓடுபவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் கல்லாகியிருக்கும், மழையில் பிடிக்காது.

ஸ்டீயரிங் ரொம்ப கனமாமே அங்கிள், நான் ஓட்ட முடியுமா?

என் அக்கா மகள் 19 வயதில் கேட்ட கேள்வி. முடியும். பவர் ஸ்டீயரிங் இல்லாததால் நின்ற இடத்தில் திருப்பினால் கனம். கார் துளியாவது நகர்ந்துகொண்டிருக்கும்போது திருப்பினால் சுலபம். ஓட ஆரம்பித்தால் இரண்டு விரல் போதும். அப்படியும் கனமாக இருந்தால் ஓட்டுபவரைக் குறை சொல்லாதீர்கள். டயரில் காற்று குறைவாக இருக்கும், இல்லையென்றால் மேலே சொன்ன கிங்பின்னுக்கு யாரோ வருடக்கணக்காகக் கிரீஸ் அடிக்கவில்லை. இப்போது அவள் என்னைவிட நன்றாகவே கியர் மாற்றுகிறாள்.

பேசாம ஹாஃப் கட் கடையில ஒரு ஜப்பான் எஞ்சின் வாங்கிப் போட்டா என்ன?

மாதம் ஒருவர் கேட்பார். நியாயமான ஆசைதான், ஹாஃப் கட், அதாவது பாதியாக வெட்டி வந்த பழைய கார்களை விற்கும் கடைகளுக்கு, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் போனால் ஜப்பான் எஞ்சின் மலிவு. ஆனால் எஞ்சின் எண்ணும் சிசியும் கெரானில் பதிவானவை. மாற்றுவதற்கு ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி, பூஸ்பாகோம் பரிசோதனை, எஞ்சின் வாங்கிய ஆவணம் எல்லாம் வேண்டும். அனுமதி இல்லாமல் ஓட்டினால் சாலைத் தடுப்பில் மாட்டுவது ஒரு பக்கம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடலாம்.

சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், கூடுதல் சக்திக்கு பிரேக், பின் ஆக்சில், ரேடியேட்டர் எல்லாம் மாற வேண்டும். எடை இடம் மாறினால் ஸ்டீயரிங் குணமும் மாறும். தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை 3.5 லிட்டர் வி8 எஞ்சின் வைத்து 2,591 ஜிடி செய்தது. அதற்கே ரேடியேட்டரையும் பிரேக்கையும் திருத்தி அமைத்தார்கள். என் கருத்தை நேராகவே சொல்கிறேன். செய்ய வேண்டாம். சக்தி போதவில்லை என்றால் அசல் எஞ்சினின் ஹெட், கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் மூன்றையும் நல்ல கையில் கொடுங்கள். வித்தியாசம் தெரியும், கெரானிலும் ஒன்றும் மாறாது.

அப்ப நீங்க எதையுமே மாத்தலயா? ஒரிஜினல்னு சொல்றீங்க, ஆனா எலெக்ட்ரிக் ஃபேன் இருக்கே?

மாற்றியிருக்கிறேன். விசிறி, இக்னிஷன், ஹெட்லைட் ரிலே, வெப்பத் தாள், அப்புறம் பின் இருக்கைக்கு அடியில் இருந்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளுக்குப் பதில் ஒரு 12 வோல்ட். எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: ஓட்டை போடக் கூடாது, வெட்டக் கூடாது. எது மாற்றினாலும் ஒரு நாளில், கையில் இருக்கும் ஸ்பானரை வைத்து, பழையபடி ஆக்க முடிய வேண்டும். கழற்றியதெல்லாம் எண்ணெய்த் தாளில் சுற்றி, தேதி எழுதி, மாடியில் மூன்று மைலோ பெட்டிகளில் இருக்கிறது.

இந்தக் கட்டுப்பாடு வரக் காரணம் உண்டு. வாங்கிய புதிதில் டேஷ்போர்டில் ஒரு பெரிய ரேடியோவுக்காக உலோகத்தை வெட்டினேன். அந்த ரேடியோ நான்கே வருடத்தில் பழசாகிப் போய்விட்டது. வெட்டின இடத்தை மூட ஒரு நல்ல தகட்டு வேலைக்காரருக்குப் பத்து நாள் பிடித்தது. ரேடியோவையும் சீட்டையும் ஸ்டீயரிங்கையும் மாற்றும் ஆசை முதல் வருடத்தில்தான் அதிகமாக வரும். ஒரு வருடம் உள்ளபடியே ஓட்டுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

வெள்ளம் வந்தா என்ன பண்ணுவீங்க?

2017 நவம்பர் 4 இரவு பினாங்கில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். மாலையிலேயே வானம் சரியில்லை என்று பட்டதால் காரை ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் மாடிக் கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்தே வீடு வந்தேன். காலையில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், முழங்கால் அளவு தண்ணீர். அன்றிலிருந்து எச்சரிக்கை வந்தால் யோசிக்காமல் மேலே ஏற்றிவிடுவேன்.

தண்ணீர் ஏறிவிட்டால் எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், கம்பளத்தை உரித்து வெளியே போடுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் மூன்றிலும் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாகியிருக்கிறதா என்று பாருங்கள். பின் டிரம்களைத் திறந்து காயவையுங்கள். சில்லுக்குள் சேறு நிற்கும். வடிகால் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் தெளிவாக வரும்வரை குழாயை விடுங்கள். காய்ந்தபின் மறுபடியும் மெழுகு.

வருஷத்துக்கு எவ்வளவு வெள்ளி ஆகுது? உண்மையைச் சொல்லுங்க.

சாலை வரி 1,798 சிசிக்கு 279 ரிங்கிட் 20 காசு. எண்ணெய், திரவம், ஃபில்டர், சின்னப் பாகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சாதாரண வருடத்தில் எனக்கு மூவாயிரம் ரிங்கிட்டுக்குள் அடங்கும், ஏனென்றால் பாதி வேலையை நானே செய்கிறேன். ஆனால் ஏழெட்டு வருடத்துக்கு ஒரு முறை பெரிய செலவு வரும்: சாயம், எஞ்சின், சில். அதற்காக மாதம் 200 ரிங்கிட் தனியாகப் போட்டுவருகிறேன். இன்சூரன்ஸ் எடுக்கும்போது சந்தை விலைக்கு அல்ல, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். படங்களும் ரசீதுகளும் வைத்திருந்தால் பேச வசதி.

வாங்கி வச்சா நல்ல விலைக்குப் போகும்தானே? இன்வெஸ்ட்மென்ட் மாதிரி?

இல்லை. எம்ஜிபி எண்ணிக்கையில் அதிகம், அதனாலேயே விலை பறக்காது. நான் போட்ட பணம் திரும்பி வராது, வர வேண்டும் என்று போடவும் இல்லை.

உங்க ஃபோர்மன் ஐயாவுக்கு 74 வயசாச்சே. அவருக்கப்புறம் இந்தக் காடியை யார் பார்ப்பா?

இந்தக் கேள்வியை நான்தான் என்னையே அதிகம் கேட்டுக்கொண்டேன். டத்தோ கிராமாட்டில் பட்டறை வைத்திருக்கும் ஐயா, இரண்டு எஸ்யூ கார்ப்பரேட்டர்களைக் காதால் சமன் செய்பவர். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்ப்பரேட்டரின் வாயிலும் காட்டி, காற்று இழுக்கும் சத்தம் ஒன்றாகும்வரை திருகுவார். அப்புறம் கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை மிகக் கொஞ்சமாகத் தூக்கிப் பார்ப்பார். எஞ்சின் வேகம் ஒரு நொடி லேசாகக் கூடி அமைந்தால் கலவை சரி. கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. கணினி மாட்டிப் பார்க்கப் பழகிய பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைப் பராமரிப்பில் வேலை செய்தவன், எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. ஐந்து வருடமாக அவர் செய்யும் ஒவ்வொரு வேலையையும் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதுகிறேன். அக்கா மகள் கைப்பேசியில் படம் பிடிக்கிறாள். போன மாதம் ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்; குழாய் அவள் காதில் இருந்தது. முன் கார்ப்பரேட்டரைக் கால் சுற்று திருப்பினாள். “போதும்மா, கொஞ்சம் பின்னாடி வா” என்றார். அரைக்கால் சுற்று திருப்பினாள். ஐயா தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.